வீட்டு வாசல்ல ரெண்டு ரேஸ்

சத்தமே இல்லாம வண்டி போகுதே, டீசல் வண்டிய ஏன் விட்டீங்கன்னு கேட்டியள்லா அண்ணாச்சி, அதுக்குப் பின்னால ஒரு சங்கதி இருக்கு. செம்பூர் நாக்கா தாண்டவே நேரமாகும் போல, அதனால சொல்லுதேன், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எம் பேரு சுடலைமுத்து. சுடுகாட்டுச் சாமி பேர வச்சுக்கிட்டு நான் பேய்க்குப் பயந்தா எங்க சால் குடியிருப்புல கைகொட்டிச் சிரிப்பாவ. தாராவியில எங்க லைன்ல யாராவது வந்து, பொதுக் கக்கூஸ் பக்கம் வெள்ளச் சேல கட்டி ஒரு பொம்பள நின்னான்னு சொன்னா, அவளும் க்யூவுல நிக்கா விடுங்கப்பான்னு சொல்லிட்டுப் போற ஆளு நான். எம் பொண்டாட்டி பேச்சி சனிக்கிழமையானா வண்டி முன்னால எலுமிச்சங்காயும் மிளகாயும் கோத்துத் தொங்க விடுவா, இத ஊறுகாய் போட்டாலாவது சோத்துக்கு ஆகும்னு அவளக் கிண்டல் பண்ணுவேன். இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, நான் சும்மா எதப் பாத்தாலும் மிரளுற ஆளு கிடையாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

அப்போ எங்கிட்ட டூரிஸ்ட் பர்மிட்ல ஒரு டீசல் வண்டி இருந்துச்சு, சொந்த வண்டி. ரெண்டு மழைக்காலத்துக்கு முந்தி, மாட்டுங்கால இருந்து ஒரு மாமா ஏறுனாரு, பாலக்காட்டு ஆளு, செம்பூர்ல மக வீட்டுக்குப் போகணும். பாதி வழியில பாத்தா ரோட்டுல தண்ணி முட்டு வரைக்கும் நிக்குது. முதல் கியர்ல ரேஸ விடாம மெல்லமா கொண்டு போனேன், முன்னால ஒரு டெம்போ பொசுக்குன்னு நின்னான், நானும் நிறுத்த வேண்டியதாப் போச்சு, வண்டி ஆஃப் ஆயிருச்சு. இங்க வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி, தண்ணிக்குள்ள நின்ன வண்டியில சாவியத் தொடவே கூடாது. இன்ஜினுக்குள்ள தண்ணி ஏறியிருக்கும், காத்த அமுக்குற மாதிரி தண்ணிய அமுக்க முடியாது, செல்ஃப் அடிச்சா உள்ள ராடு வளைஞ்சு எல்லாம் போயிரும். தள்ளித்தான் கரையேத்தணும். நான் இறங்கிப் பின்னால நின்னு தள்ளுதேன், மாமாவுக்குப் பொறுமையில்ல, பின் சீட்டுல இருந்து எட்டி, "நீ தள்ளுப்பா, நான் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்"னு சாவியத் திருகிட்டாரு. உள்ள டக்குன்னு ஒரு சத்தம், அம்புட்டுதான். அவரு உதவி பண்ணதா நெனச்சுக்கிட்டு என்னப் பாத்துத் தலைய ஆட்டுனாரு பாருங்க, எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

தாராவியில எங்க மெக்கானிக் சலீம் பாய் பாத்துட்டு, "கதம் பாய், இன்ஜின் கயா"ன்னு கைய விரிச்சாரு. ராடு வளைஞ்சு பிளாக்கையே உடைச்சிருந்துச்சு. புது இன்ஜினுக்கு நான் எங்க போவேன், எல்லாரும் பண்ற மாதிரி குர்லா பழைய சாமான் கடைக்குப் போய் அதே மாடல்ல கழட்டி வச்சிருந்த இன்ஜின் ஒண்ணு எடுத்துட்டு வந்தோம். அதப் பிரிச்சுத் துடைக்கும்போதே சலீம் பாய் ஒரு வார்த்த சொன்னாரு. வெளிய பூரா காஞ்ச சேறு, வண்டி தண்ணியில முங்கியிருக்கு, ஆனா உள்ள ஒரு கீறல் இல்ல, ஓட்டுனவன் விவரமானவன், தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிட்டு இறங்கியிருக்கான்னாரு. இன்னொண்ணும் இருந்துச்சு. ஆயில் பாக்குற கம்பி இருக்குல்லா, அதோட பிடி உடைஞ்சுபோய், அதுக்குப் பதிலா ஒரு ஊக்க வளைச்சு மாட்டியிருந்தான் யாரோ. பொம்பளைங்க சேலைக்குக் குத்துற சாதாரண ஊக்கு. சலீம் பாய் மாத்தட்டுமான்னு கேட்டாரு, நல்லாத்தான இருக்கு, கிடக்கட்டும்னுட்டேன்.

வண்டி என்னமா ஓடுச்சுங்கிய! பழைய இன்ஜின விட மேல். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் கோபர்கைரனேக்கு சவாரி. ஆள இறக்கி விட்டுட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பலாம்னு ஒரு ரோ ஹவுஸ் சந்துக்குள்ள வாரேன், வண்டி தானா வேகம் குறைஞ்சு ஒரு வீட்டு வாசல்ல நின்னுச்சு. நின்னு, உர்ர்ர், உர்ர்ர்னு ரெண்டு தடவ ரேஸ் ஆச்சு. என் கால் ஆக்சிலேட்டர்லயே இல்ல அண்ணாச்சி, பிரேக்குல இருக்கு. அப்புறம் ஆஃப் ஆயிருச்சு. பழைய டீசல் டிரைவருங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு ரேஸ் குடுத்துட்டுத்தான் ஆஃப் பண்ணுவாங்க, கேட்டா இன்ஜினுக்கு நல்லதும்பாங்க. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்த வீட்டுக் கதவு திறந்துச்சு, ஒரு பொம்பள கையில டீ டம்ளரோட வேகமா வெளிய வந்தா. வண்டியப் பாத்தா, என்னையப் பாத்தா, மூஞ்சி அப்படியே வாடிப் போச்சு, உள்ள போயிட்டா. சாவியத் திருகுனேன், ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு.

டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கும்னு நெனச்சேன். ஃபில்டர மாத்துனோம், பம்ப்பக் கழட்டிப் பாத்தோம், சலீம் பாய் ஒரு குறையும் இல்லன்னாரு. மறுபடி ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன், அதே வாசல், அதே ரெண்டு ரேஸ், ஆஃப். அதே பொம்பள, அதே டம்ளர். வேற எந்த ஊர்ல எந்தத் தெருவுலயும் அது நிக்கல, அந்த ஒரு வாசல்ல மட்டும்தான் நிக்கும். நான் மடையன், அடுத்த தடவ வேணும்னே போனேன், இந்தக் கூத்து என்னன்னு பாத்துருவோம்னு. அந்தத் தடவ அவ உள்ள போகல. பின் கண்ணாடியில சுடலை துணைன்னு எழுதியிருந்ததப் பாத்துட்டு, "தம்பி தமிழா?"ன்னு கேட்டா.

அந்த அக்கா பேரு பகவதி, திருச்செந்தூர்ப் பக்கம். வீட்டுக்காரர் கணேசனும் நம்மள மாதிரி டூரிஸ்ட் வண்டி ஓட்டுனவருதான். சாயங்காலம் வாசல்ல வந்து ரெண்டு ரேஸ் குடுத்துட்டுத்தான் வண்டிய ஆஃப் பண்ணுவாராம், அது கேட்டதும் இவ டீய ஆத்திக் கையில எடுத்துட்டு வெளிய வருவாளாம், கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுதான் பழக்கம். என் வண்டி மாட்டுனதுக்கு முந்தின வருஷ மழையில அவரு வண்டி பனவேல் பக்கம் ஒரு தண்ணியில மாட்டிக்கிச்சு. பின்னால நின்ன லாரிக்காரன் சொன்னானாம், மனுஷன் பதறாம வண்டிய ஆஃப் பண்ணிட்டு இறங்கி, முன்னால எவ்வளவு ஆழம்னு பாக்க நாலு எட்டு நடந்தாரு, அப்புறம் ஆளக் காணல. மூடியில்லாத சாக்கடக் குழியா, பக்கத்து நாலா வாய்க்காலா, யாருக்கும் தெரியல. உடம்பு கிடைக்கவே இல்ல.

"உடம்பு கிடைக்காத ஆளுக்கு நான் எப்படித் தம்பி காரியம் பண்ணுவேன்?"னு கேட்டா. "எங்கயாவது ஆஸ்பத்திரியில பேரு ஊரு மறந்துபோய்க் கிடக்காவளோ என்னமோ. எங் கொழுந்தன் தலதலயா அடிச்சுக்கிடுதாவ, போனவன் போயிட்டான், கருமாதியப் பண்ணிட்டுத் தாலியக் கழட்டிருங்க மயினின்னு. நான் தெனமும் எந்நேரமும் டீ போட்டு வச்சிருக்கேன். சத்தம் கேட்டா வெளிய வாரேன். இப்ப நாலஞ்சு வாரமா அதே சத்தம் கேக்கு, ஓடி வந்தா நீங்க நிக்கிய."

அவிய வண்டி என்ன ஆச்சுக்கான்னு கேட்டேன். கொழுந்தன் குர்லாவுல போட்டுட்டாவன்னா. நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும், முடியல, பேனட்டத் திறந்து காட்டுனேன். அந்தக்கா இன்ஜினப் பாக்கல, நேரா அந்த ஆயில் கம்பியத்தான் பாத்தா. சேல முந்தானைய விலக்கித் தாலிக் கயித்த வெளிய எடுத்துக் காட்டுனா, நம்ம பொம்பளைங்க தாலிக் கயித்துல ஊக்கு கோத்து வச்சிருப்பாங்கள்லா, அதே மாதிரி ஊக்கு அதுல வரிசையாத் தொங்குது. "ஒரு நாள் காலையில வெளிய கிளம்புற அவசரத்துல எங் கழுத்துல இருந்துதான் ஒண்ணப் பிச்சுட்டுப் போனாவ. தாலியில கைய வைக்காதியன்னு நான் ஏசுனேன்"னா. அழல. அழுதிருந்தாலாவது நான் கிளம்பியிருப்பேன். இன்ஜின்ல கைய வச்சுக்கிட்டு, "வண்டி வந்து நிக்குது, ஆளு எங்க தம்பி?"ன்னு என்னயக் கேட்டா.

அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போறதையே விட்டேன். கோபர்கைரனேன்னு சவாரி வந்தா எடுக்க மாட்டேன். பேச்சிக்கிட்ட மூச்சு விடல, சொன்னா மறுநாளே வண்டிய வித்துட்டு வாம்பா, எத்தன நாள் கிண்டல் பண்ணேன்னு குத்திக் காட்டவும் செய்வா. ஆனா நம்பர் வாங்கி வச்சிருந்த அக்கா ஒரு நாள் போன் பண்ணுனா. கொழுந்தன் அய்யர்கிட்ட நாள் குறிச்சிட்டாவளாம், இவ முடியாதுங்கா, வீட்டுல பெரிய சண்ட. "ஒரே ஒரு தடவ, அவிய வர்ற சாயங்கால நேரத்துக்கு வண்டியக் கொண்டு வாங்க தம்பி. இதுவரைக்கும் நீங்க வந்தது எல்லாம் மத்தியானம், அது அவிய வர்ற நேரமில்ல. சாயங்காலம் வந்து நின்னா அவிய தான் வந்திருக்காவ, இனி உசுரோட இல்லன்னு நான் எடுத்துக்கிடுதேன். நிக்காமப் போயிருச்சுன்னா எங்கயோ உசுரோட இருக்காவன்னு அர்த்தம், இருந்துட்டுப் போறேன்." இதுல எனக்கு என்ன வேல, ஒரு பழைய இன்ஜினக் கேட்டுத்தானா ஒரு பொம்பள தாலியக் கழட்டுறதும் கழட்டாததும் முடிவு பண்ணுவான்னு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்லாமக் கிடந்தேன். ஆனா போகாம இருக்க முடியல.

வாஷி பாலத்துல வரும்போதே மனசுல ஒரு முடிவு எடுத்துட்டேன் அண்ணாச்சி. வண்டிய நிக்க விடக் கூடாது. அந்த வாசல் வரும்போது ரேஸ விடாம மிதிச்சு ஒரே போக்காப் போயிரணும். பொய்யா இருந்தா இருக்கட்டும், அந்தக்கா நம்பிக்கிட்டே இருந்துட்டுப் போகட்டும், டீ போடுறதுல யாருக்கு என்ன நட்டம்? விளக்கு வைக்கிற நேரம், சந்துல பிள்ளைங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டாவது கியர்ல அழுத்திக்கிட்டே வந்தேன். வாசல்ல அக்கா ஏற்கனவே வந்து நிக்கா, கையில டம்ளர். அவ கண்ண ஒரு தடவ பாத்தேன், என் காலு தானா பிரேக்க மிதிச்சிருச்சு. வண்டி செய்ததா நான் செய்ததான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நின்னுச்சு. நியூட்ரலுக்குத் தள்ளுனேன்.

உர்ர்ர். உர்ர்ர்.

அதோட ஆஃப் ஆகியிருக்கணும். ஆகல. மூணாவதா ஏறுச்சு, ஏறுனது இறங்கல, மேல மேல ஏறிக்கிட்டே போகுது. சாவியத் திருப்புனேன், நிக்கல. சாவிய உருவிக் கையில வச்சிருக்கேன், இன்ஜின் அலறுது. பின்னால சைலன்ஸர்ல வெள்ளப் புகை கக்கி சந்தே தெரியல. இது டீசல் வண்டிக்கு வர்ற ஒரு சீக்கு, சில டிரைவர்மாரு வண்டிக்கு வந்திருக்கு, நான் கேள்விதான் பட்டிருக்கேன். டர்போ வழியா தன்னோட ஆயில தானே உறிஞ்சி எரிக்க ஆரம்பிச்சிட்டா சாவிக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்லாமப் போயிரும், ஆயில் தீர்ற வரைக்கும் இல்ல உடையிற வரைக்கும் ஓடும். டாப் கியரப் போட்டு கிளட்ச்ச விட்டா அமுங்கி நிக்கும்னு சொல்லுவாங்க. எனக்கு அது ஞாபகத்துக்கே வரல, ஞாபகம் வந்தாலும் கை வந்திருக்காது. சந்துல ஆளுங்க "பாஹர் நிகல், பாஹர் நிகல்"னு என்னய வெளிய வரச் சொல்லிக் கத்துறாங்க, பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுறாங்க. நான் கதவத் திறந்து விழுந்தடிச்சு வெளிய வந்தேன்.

எல்லாரும் விலகி ஓடுனா பகவதியக்கா மட்டும் புகைக்குள்ள நடந்து வாரா. கிட்ட போகாதீங்கக்கான்னு கத்துனேன், எங் குரல் எனக்கே கேக்கல. டம்ளரத் தரையில வச்சா. ரெண்டு கையையும் பேனட் மேல வச்சா, அந்தச் சூட்டுல எப்படி வச்சாளோ. குனிஞ்சு, வீட்டுல புருஷங்கிட்டப் பேசுற குரல்ல பேசுனா, அம்புட்டு அலறல்லயும் அது மட்டும் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு, சத்தியமாச் சொல்லுதேன். "போதும், வந்துட்டிய, நான் பாத்துட்டேன். இனி நிறுத்துங்க. போங்க."

உள்ள டமார்னு ஒரு வெடி. ராடு பிளாக்க உடைச்சுக்கிட்டு வெளிய வந்து, மிச்ச ஆயில் ரோட்டுல கருப்பா ஊத்துச்சு. அப்புறம் ஒரு சத்தமில்ல. அப்படி ஒரு அமைதிய நான் பம்பாயில கேட்டதே இல்ல. அக்கா நிமிர்ந்தா, அப்பத்தான் அழுதா. ஒரு வருஷத்து அழுகைய அழுதா. பக்கத்து வீட்டு மராட்டிப் பொம்பளைங்க வந்து பிடிச்சுக்கிட்டாங்க. என்னாலயும் முடியல அண்ணாச்சி, முன்னப்பின்ன பாக்காத மனுஷன், அவருக்காக நடுச் சந்துல நின்னு அழுதேன். சூடு ஆறுனதும் ஆயில் கம்பிய உருவி அந்த ஊக்கக் கழட்டிக் கையில குடுத்தேன். அவ அதத் துடைச்சுத் தாலிக் கயித்துல மத்ததோட சேத்துக் கோத்துக்கிட்டா. அந்த வாரமே காரியம் நடந்துச்சு. நான் போய் ஓரமா நின்னுட்டு வந்தேன், கயித்தக் கழட்டும்போது பாக்காம வெளிய வந்துட்டேன்.

சலீம் பாய் பிரிச்சுப் பாத்துட்டு டர்போ சீல் போயிருந்துச்சு, ஆயில உறிஞ்சிருச்சு, அவ்வளவுதான் பாய்ன்னாரு. சரிதான். அது பூராவுக்கும் காரணம் இருக்கு, நான் இல்லங்கல. பழைய இன்ஜின், ஒரு நாள் போகும், போச்சு. மத்தியானத்துல ஏன் ஒரே வாசல்ல நின்னுச்சுன்னு கேட்டா சலீம் பாய் டீயக் குடிச்சிட்டு வேற பேச்சப் பேசுனாரு. நான் இன்னொரு இன்ஜின் தேடல. வண்டியக் கழிச்சுக் கட்டிட்டு, ஒரு கம்பெனியில இந்த எலக்ட்ரிக் வண்டிய ஓட்ட எடுத்தேன். அதான் நீங்க கேட்ட கேள்விக்குப் பதில். இதுல இன்ஜினே கிடையாது, ராடு கிடையாது, ஆயில் கிடையாது, நிறுத்துனா சுவிட்ச அமுக்கிட்டு இறங்க வேண்டியதுதான். ரேஸ் குடுக்கணும்னு நெனச்சாலும் குடுக்க முடியாது.

பேச்சிக்கு இதுல எதுவும் தெரியாது, பாத்துக்கிடுங்க. பழைய வண்டி இன்ஜின் போச்சுன்னு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கணேசன் பேரோ, கோபர்கைரனே வாசலோ, அந்தப் பழக்கமோ நான் வீட்டுல ஒரு நாளும் வாயத் திறந்து சொன்னதில்ல. எங்க கோலி, ஒத்த ரூம் வீடு, மாடியில இருக்கு, சந்துக்குள்ள வண்டி வராது, மெயின் ரோட்டுல நிறுத்திட்டு நடந்து போகணும். இந்த வண்டி எடுத்த புதுசுல ஒரு நாள் சாயங்காலம் படியேறிப் போறேன், கதவத் தட்டுறதுக்கு முன்னாடியே பேச்சி டீய ஆத்திக் கையில எடுத்துட்டு வாசல்ல நிக்கா. நான் வாரது எப்படித் தெரியும்னு கேட்டேன்.

"நீங்கதான கீழ நின்னு ரெண்டு ரேஸ் குடுத்திய"ன்னா.

இன்னைக்கு வரைக்கும் தெனமும் அப்படித்தான் நிக்கா. நான் டீய வாங்கிக் குடிச்சிருவேன். மழை ஆரம்பிச்சுட்டா மட்டும் எவ்வளவு ஆழம்னு பாக்க வண்டிய விட்டு நான் இறங்குறதே இல்ல அண்ணாச்சி.